கடைசித் துண்டை யார் எடுப்பது

எடை பார்க்கும் கருவி பின்வாசல் அறையில், சேறு காய்ந்த பூட்ஸ்களுக்கும் நாய்த் தீனி வாளிக்கும் நடுவில் கிடந்தது. லோரனின் லாரி வயல் பாதையில் திரும்பி மறையும்வரை ரெனே ஜன்னலருகே நிற்பாள். அப்புறம் கோட்டு, காலுறை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மூக்குக்கண்ணாடியால்தான் தினமும் தகராறு. போட்டால் அதுவும் ஒரு கனம். கழற்றினால் எண் தெரியாது.

அன்று போட்டுக்கொண்டே பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பவுண்டு. மூன்று வாரமாக அதே எண். இறங்கி, கருவியைச் சுவரோரம் தள்ளி வைத்து மறுபடி ஏறினாள். தரை கோணலாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. தரை நேராகத்தான் இருந்தது.

நூற்று எண்பத்தாறுக்கு வர வேண்டும். வந்தால் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து அவள் கணவன் லோரனுக்கு வைப்பார்கள். வராவிட்டால் இல்லை. கனத்த உடம்பில் ஒரே ஒரு சிறுநீரகத்தை மிச்சம் வைப்பது கொடுப்பவருக்கே ஆபத்து என்று ஃபார்கோ மருத்துவமனையில் தன்மையாகத்தான் சொன்னார்கள். ஏப்ரலில் அவள் அங்கே போனபோது இருநூற்றுப் பதினான்கு. கோடையில் பதினைந்து பவுண்டு இறங்கியிருந்தது. அதோடு நின்றுவிட்டது.

இதில் எதுவும் லோரனுக்குத் தெரியாது.

லோரனின் நோய் பரம்பரையாக வருவது. அவன் அப்பாவுக்கு இருந்தது, அண்ணன் டுவைட்டுக்கும் இருக்கிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் திராட்சைக் குலைபோலப் பெருகி, ஐம்பது வயதுக்கு மேல் வேலையை நிறுத்திவிடும். அப்பா நான்கு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், ஃபார்கோவில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு ஒரு நாற்காலியில் கட்டுண்டு கிடந்தார். நான்காவது வருடம் பனி உருகுமுன் போய்விட்டார். லோரனுக்கு மெஷின் என்ற சொல்லே ஆகாது. அறுவடை எந்திரத்தைக்கூட அவன் பேர் வைத்துத்தான் கூப்பிடுவான்.

"என்னோடது ஒண்ணு எடுத்துக்கோயேன்" என்று போன குளிர்காலத்தில் ரெனே கேட்டுப் பார்த்தாள்.

"உன்னோடது பிரிட்டாவுக்கு" என்றான். பிரிட்டா அவர்களுடைய ஒரே மகள், இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். "அவளுக்கும் இது வந்திருந்தா? அன்னிக்கு யார்கிட்டப் போய் நிப்பா? அதை எடுத்து வை. என் முன்னாடி இனிமே இந்தப் பேச்சை எடுக்காதே."

அவள் எடுக்கவில்லை. நேரே ஃபார்கோவுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் சரியாகி, தேதி குறித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்போது அவனால் என்ன செய்ய முடியும் என்று நினைத்திருந்தாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டபடியே கதவைத் திறந்து உள்ளே வந்தாள் லவான். ஹால்வர் ஊரில் பதில் வரும்வரை வாசலில் நிற்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. எழுபது வயது லவான்தான் சர்ச் சமையலறைக்கு முப்பது வருடமாக ராணி. நோயாளி இருக்கும் வீட்டுக்குச் சர்ச் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவார்கள். அவள் கையில் அலுமினியத் தாள் போர்த்திய கண்ணாடித் தட்டு. அதன் அடியில் அவள் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். தட்டு காலியாகி, கழுவித் துடைத்து, அவளிடமே திரும்பிப் போக வேண்டும். அதுதான் முறை.

ரெனே அவசரமாகக் காலுறையை மாட்டிக்கொண்டாள். "நேத்துதானே ஷெரில் கொண்டுவந்தா, லவான்? இன்னும் அதுவே இருக்கு."

"முறையெல்லாம் மாத்தியாச்சு. வாரத்துக்கு ரெண்டு தட்டா இருந்தது, இனிமே நாலு."

"நாலா! எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காதடி, வாங்கிக்கோ. கை சுடுது எனக்கு."

மாட்டுக் கொத்துக்கறி, காளான் சூப், அதன்மேல் பாலாடைக்கட்டி, அதற்கும்மேல் வரிசை வரிசையாகப் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டைகள். மணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ரெனே காலையில் சாப்பிட்டது அளந்து வைத்த ஓட்ஸ் கஞ்சி.

"லோரனுக்கு உருளைக்கிழங்கு ஆகாதே, லவான். உப்பும் ஆகாது."

"அவனுக்குன்னு யார் சொன்னா? கண்ணாடியில உன் மூஞ்சியைப் பார்த்தியா? கழுத்தெல்லாம் வத்திப்போச்சு. சரி, காப்பி இருக்கா?"

காப்பி என்றால் வெறும் காப்பி ஆகாது. கூட ஏதாவது இருக்க வேண்டும். திங்கட்கிழமை யாரோ கொண்டுவந்த சாக்லேட் பார் தட்டு மேசையில் இருந்தது. வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டுச் சதுரம் சதுரமாக வெட்டியது. அதில் ஒன்றே ஒன்று மிச்சம்.

"நீங்க எடுத்துக்கோங்க" என்றாள் ரெனே.

"ஐயய்யோ, நான் எதுக்கு? நீ எடு."

"எனக்கு வேண்டாம், லவான். நிஜமா."

"அப்ப பாதி."

லவான் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டாள். மறுபாதி தட்டில் கிடந்து இரண்டு பேரையும் பார்த்தது. தட்டின் கடைசித் துண்டை முழுசாக எடுப்பவரை அந்த ஊர் மறக்காது. மரியாதைக்கு ரெனே அதில் பாதியை வெட்டி வாயில் போட்டாள். லவான் மிச்சத்தில் பாதி. ரெனே அதிலும் பாதி. கடைசியில் நகக்கண் அளவு ஒன்று தட்டில் மிஞ்சியது.

"இப்படி வெட்டித் தின்னா கலோரியே கிடையாது, தெரியுமா?" என்றாள் லவான், விரலை நக்கிக்கொண்டே. "வெட்டும்போதே எல்லாம் கத்தி வழியா ஒழுகிப் போயிடும்."

ரெனே சிரித்தாள். சாப்பிடுவதை எல்லாம் அவள் தொலைபேசியில் குறித்து வருகிறாள். ஒரு பார் என்றால் குறித்திருப்பாள். அவள் எப்போது ஒரு பார் சாப்பிட்டாள்? சாப்பிடவே இல்லையே.

லவான் போனதும் மை யாங்குக்குக் கூப்பிட்டாள். மை யாங் மருத்துவமனையின் உணவு ஆலோசகர். முப்பது வயதிருக்கும். ஏப்ரலில் ரெனேயின் உயரம், வயது, எடை, வேலை எல்லாம் கேட்டு அவள்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். உங்க உடம்பு ஒரு நாளைக்குச் செலவு பண்றது ஏறக்குறைய ரெண்டாயிரத்து இருநூத்தம்பது கலோரி. அதுல ஐநூறு குறைச்சா ஆயிரத்து எழுநூத்தம்பது. வாரத்துக்கு ஒரு பவுண்டு இறங்கும். அதுக்கு மேல அவசரப்பட வேண்டாம். அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"எப்படிப் போகுது, ரெனே?"

"மோசமில்ல."

ஹால்வரில் எதற்கும் அதுதான் பதில். ஆலங்கட்டி மழையில் பாதிப் பயிர் போனாலும் மோசமில்ல, கால் உடைந்தாலும் மோசமில்ல.

"எடை?"

"நிக்குது. மூணு வாரமா. இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா? ஆயிரத்து இருநூறு?"

"வாயில போடற எல்லாத்தையும் குறிக்கிறீங்களா?"

"ஒண்ணு விடாம."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப ரெண்டு வாரம் பொறுப்போம். எடை சில சமயம் அப்படி நின்னுட்டுத்தான் இறங்கும். என்னைக் கேக்காம குறைக்காதீங்க, என்ன? பட்டினி போட்டா உடம்பு வேற பக்கம் பழி வாங்கும்."

"சரி" என்று வைத்தாள்.

பொறுக்கலாம். லோரனின் ரத்தம் பொறுக்குமா? ஆகஸ்டில் அவன் சிறுநீரகத்தில் பதினான்கு சதவீதம் வேலை செய்தது. செப்டம்பரில் பதினொன்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மெஷின் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய எடை இறங்கிய பிறகும் சோதனைகளுக்கு இரண்டு மாதம் ஆகும். அக்டோபர் நடுவில் நூற்று எண்பத்தாறைத் தொட்டால்தான் எட்டும். ஒரு பவுண்டு ஒரு பவுண்டாக இறங்கினால் அவள் அங்கே போய்ச் சேரும்போது லோரன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

ரெனே மேசையில் உட்கார்ந்து தானே கணக்குப் போட்டாள். ஆயிரத்து எழுநூற்றைம்பது போட்டும் எடை நிற்கிறதென்றால், தன் உடம்புக்கு அந்த எண் தப்பு. மை யாங் நல்ல பெண்தான், ஆனால் அவள் கணக்கு வேறு யாருக்கோ. ஆயிரத்து இருநூறு? போதாது. தொள்ளாயிரம்.

தொள்ளாயிரம் என்று முடிவு செய்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஏதோ ஒன்றையாவது செய்கிறோம்.

முதல் வாரம் நான்கு பவுண்டு இறங்கியது. அவள் பின்வாசல் அறையில் நின்று அழுதாள். பார் தட்டு பக்கமே போகவில்லை. லவான் வந்தால் வயிறு சரியில்லை என்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து கை கால் குளிர்ந்தே இருந்தது. குளிக்கும்போது முடி கொத்தாக வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். தூங்கினால் கனவில் பொரித்த உருளைக்கிழங்கு. விழித்தால் வாயில் இரும்பு ருசி.

வாரத்துக்கு நான்கு தட்டு வந்துகொண்டே இருந்தது. உறைபெட்டி நிரம்பியது. லோரனுக்கு எதுவும் ஆகாது, பசியும் இல்லை. அவன் கோழித் துண்டைக் கரண்டியால் இப்படியும் அப்படியும் நகர்த்துவான். அவள் தன் தட்டில் கீரையை நகர்த்துவாள்.

"சாப்பிடலையா?" என்பான்.

"சமைக்கும்போதே ருசி பார்த்துட்டேன். நீ?"

"லாரியில ஏதோ தின்னேன்."

அந்த இலையுதிர் காலத்தில் வீட்டில் எடை ஏறியது நாய்க்கு மட்டும்தான்.

ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது அவளுடைய கல்யாண மோதிரம் சோப்பு நுரையோடு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. லோரன்தான் கையை விட்டுத் துழாவி எடுத்தான். விரலில் போட்டுவிட்டான். அது சுற்றியது. இருபத்தாறு வருடத்துக்கு முன் அதே விரலில் அவன் அதைத் திருகித் திருகிப் போட்டபோது, சர்ச்சில் முன்வரிசையே சிரித்திருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லையே, ரெனே?"

"மோசமில்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "காத்து வடக்குப் பக்கம் திரும்பிடுச்சு" என்றான்.

அக்டோபரில் பீட் அறுவடை தொடங்கியது. சர்க்கரை ஆலைக்குப் போகும் வெள்ளைப் பீட்; ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. மண் உறையுமுன் எடுத்தாக வேண்டும். வயலில் எந்திரம் நிற்காது, பாதையில் லாரிகள் நிற்காது. ஓட்டுபவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு வயலுக்கே போகும். ரெனே ஆறு பேருக்கு இறைச்சி வதக்கினாள், ரொட்டி சுட்டாள், பாலாடைக்கட்டி துருவினாள். கரண்டியை நாக்கில் படவிடவில்லை. உப்பு கூடிப்போச்சு என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்தார்கள்.

மழை பெய்து அறுவடை நின்ற ஒரு வியாழக்கிழமை, மருத்துவமனையில் அவளை எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் காலையில் கருவி நூற்றுத் தொண்ணூறு காட்டியது. நான்கு பவுண்டு. ஒரே நாள்.

பள்ளியில் மல்யுத்தம் செய்த பையன்கள் போட்டிக்கு முன்னால் எடை குறைக்க என்ன செய்வார்கள் என்று ஹால்வரில் எல்லோருக்கும் தெரியும். லோரனே செய்திருக்கிறான்; சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். ரெனே அன்று முழுவதும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு, மழைக்கு நடுவில் கொட்டகையில் விறகு அடுக்கினாள். மறுநாள் லோரனிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

நர்ஸ் கருவியில் ஏற்றினாள். நூற்று எண்பத்தைந்தரை.

"அடேயப்பா, சாதிச்சுட்டீங்களே!" என்றாள் நர்ஸ். ரத்தம் எடுத்தாள். சிறுநீர் கேட்டாள், வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. வந்ததும் காப்பி நிறத்தில் இருந்தது. ரெனே வண்டிக்குத் திரும்பி, பின்சீட்டில் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கிடைச்சுடும், லோரன், கிடைச்சுடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் வயலோரம் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கும்போது தொலைபேசி அடித்தது. கொடுப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ்தான். குரல் மெதுவாக இருந்தது.

"ரெனே, உங்க ரத்தத்துல சிறுநீரகக் கணக்கு சரியா வரலை. சிறுநீர்ல புரதமும் தெரியுது. வெறும் நீர்ச்சத்துக் குறைவாவும் இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். எடையும் ரொம்ப வேகமா இறங்கியிருக்கு. டாக்டர்கள் இப்போதைக்கு உங்க பேரை நிறுத்தி வச்சிருக்காங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஜனவரியில மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் எடை சீரா நிக்கணும்."

அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று கிடந்த பட்டினி, கொடுக்க வைத்திருந்ததையே கெட்டுப்போனதாகக் காட்டிவிட்டது. நன்றி சொல்லித் தொலைபேசியைப் பையில் போட்டாள். சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தாள். ஐந்தாவது அடி வைக்க வரவில்லை. ஈர மண்ணில், சிதறிய பீட்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

அறுவடையில் எந்திரத்தை யாருக்காகவும் நிறுத்த மாட்டார்கள். லோரன் நிறுத்தினான். ஓட முடியாத உடம்போடு ஓடி வந்தான். வீங்கிய கால் பூட்ஸுக்குள் நொண்டியது. பக்கத்தில் மண்டியிட்டு அவள் முகத்தைப் பிடித்தான்.

"எங்கே வலிக்குது?"

"வலி இல்ல."

"ரெனே, என்கிட்ட மறைக்காதே. எத்தனை நாளா தெரியும் உனக்கு? எந்த இடத்துல?"

"எது எந்த இடத்துல?"

"கேன்சர்" என்றான். அந்தச் சொல் அவன் தொண்டையில் ஒரு மாதமாகச் சிக்கியிருந்தது போல வந்தது. "பல் டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் வருவார்னு எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை எங்க போனே?"

ரெனே அவனையே பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ கிளம்பி அழுகையாக வெளியே வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஏப்ரல், நூற்று எண்பத்தாறு, தொள்ளாயிரம், தண்ணீர் குடிக்காத நாள், இப்போது வந்த தொலைபேசி. பின்னால் ஒரு லாரி வந்து நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, பிறகு புரிந்ததுபோலச் சும்மா நின்றது.

லோரன் கையுறையைக் கழற்றினான். மறுபடி போட்டான். மறுபடி கழற்றினான்.

"வேண்டாம்னு சொன்னேன்ல."

"சொன்னே."

"பிரிட்டாவுக்குன்னு சொன்னேன்ல."

"பிரிட்டாவுக்கு உன் வயசு வர்றப்போ எனக்கு எண்பத்தஞ்சு, லோரன். என் கிட்னியை அப்போ நாய்கூட மோந்து பார்க்காது. நீ இல்லாம அவ்வளவு நாள் அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஊறுகாயா போட?"

அவன் தரையில் கிடந்த பீட் ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினான்.

"நான் லவான்கிட்டப் போய் நின்னேன்" என்றான் கடைசியில். "நான்! என் பொண்டாட்டி கண்ணு முன்னாடி கரையறா, என்னன்னு சொல்ல மாட்டேங்கிறா, ஏதாவது பண்ணுங்கன்னு."

"அந்த நாலு தட்டும் நீ கேட்டதா?"

"அவங்க அஞ்சுன்னாங்க. நான்தான் நாலு போதும்னேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அந்தத் தோளும் எலும்பாகத்தான் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஓட்டுநர்களுக்கு என்று கொண்டுவந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து அவன் அவள் கையில் வைத்தான். "தின்னு."

"இதுல எத்தனை கலோரின்னு..."

"ரெனே."

அவள் தின்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் மை யாங்கின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். லோரன் தொப்பியை முழங்காலில் மாட்டியிருந்தான். மை யாங் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ரெனேக்கு லேசாக இருந்திருக்கும்.

"செப்டம்பர்ல எடை நின்னுச்சுன்னு கூப்பிட்டீங்களே, அந்த மூணு வாரம் என்ன சாப்பிட்டீங்கன்னு மறுபடி சொல்லுங்க. யாராவது வீட்டுக்கு வந்தாங்களா?"

"லவான் வருவா. சர்ச்சுலேந்து எல்லாரும் வருவாங்க. காப்பிக்கு."

"காப்பிகூட?"

"ஒண்ணும் பெரிசா இல்ல. பார் இருக்கும். நான் எடுக்க மாட்டேன். கடைசித் துண்டுல கொஞ்சம்..." ரெனே நிறுத்தினாள்.

மை யாங் பேனாவை வைத்தாள். "நான் இந்த மாநிலத்துலதான் வளர்ந்தேன், ரெனே. எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை டோனட் பெட்டி வரும். சாயங்காலம் பார்த்தா உள்ள ஒரு டோனட்டோட பதினாறாவது பங்கு கிடக்கும். அதை, ஆபீஸ் கூட்டித் துடைக்கிற ஆள்தான் எடுத்துப் போடணும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"ரெண்டு பேர். சில நாள் மூணு."

"சமைக்கும்போது ருசி பார்ப்பீங்களா?"

"அப்போ பார்ப்பேன். ஒரு கரண்டி."

மை யாங் காகிதத்தில் கூட்டினாள். நகக்கண் அளவுகளும் கரண்டி அளவுகளும் சேர்ந்து நானூற்றுச் சொச்சம். தினமும்.

"அப்ப எண் சரியாத்தான் இருந்ததா?" என்றாள் ரெனே மெல்ல.

"எண் சரி. நீங்க அதைச் சாப்பிடவே இல்லை. முதல்ல அதிகமாச் சாப்பிட்டீங்க, அப்புறம் பாதியாச் சாப்பிட்டீங்க."

லோரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லவானின் கத்தி வழியாக எதுவும் ஒழுகிப் போயிருக்கவில்லை. ரெனே காகிதத்தில் இருந்த கூட்டலையே பார்த்தாள். தப்பாகப் போனது இவ்வளவுதானா? கூச்சப்படாமல் ஒரு முழுத் துண்டை எடுத்து, குறித்துவைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். இந்நேரம் தேதி குறித்திருப்பார்கள்.

"இப்ப எவ்வளவு?" என்று லோரன் கேட்டான்.

"தண்ணி குடிச்ச உடம்புக்கு இன்னிக்கு எடை நூத்தி எண்பத்தொன்பது. இந்த எடைக்கு உடம்பு செலவு பண்றது ரெண்டாயிரத்து நூறு. ஆயிரத்து அறுநூறு சாப்பிடணும். குறையவும் கூடாது. நாலஞ்சு பவுண்டு நிதானமா இறங்கட்டும், அப்புறம் கொஞ்சம் ஏத்தி அங்கேயே நிறுத்துவோம். ஜனவரியில ரத்தம் எடுப்பாங்க."

"எண்ணூறு சாப்பிட்டுத் தண்ணியும் நிறையக் குடிச்சேன்னா?" என்றாள் ரெனே. குரல் கெஞ்சியது. "இந்த மாசத்துலயே முடிச்சுடலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. ப்ளீஸ், மை."

"உங்க ரத்தம் மறுபடி தப்பாக் காட்டும். அப்ப ஜனவரியும் போயிடும்."

"ஜனவரிக்குள்ள இவன் மெஷின்ல..."

"ஆமா" என்றாள் மை யாங்.

லோரன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஆயிரத்து அறுநூறு" என்றான் மனைவியிடம். "நீ அதை ஒண்ணு விடாம சாப்பிட்டேன்னா, நான் அந்த நாற்காலியில உக்காருறேன். ஜனவரியில அவங்க சரின்னா, நீ கொடுக்கிறதை வாங்கிக்கிறேன். நீ ஒரு நாள் பட்டினி கிடந்தேன்னு தெரிஞ்சா, எழுந்து வந்துடுவேன். இதுதான் பேச்சு."

நவம்பர் கடைசியில், முதல் பனி கனத்து விழுந்த ஒரு காலையில், லோரனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் அப்பா உட்கார்ந்திருந்த அதே கட்டடம். நாற்காலிகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். கழுத்தருகே இரண்டு குழாய். ரத்தம் ஒன்றில் வெளியே போய், மெஷினுக்குள் சுற்றி, இன்னொன்றில் திரும்பியது. போர்வைக்குள்ளும் அவனுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

நண்பகலில் ரெனே மடியில் டப்பாவைத் திறந்தாள். கடந்து போன நர்ஸ் ஒருத்தி நின்றாள். "இங்க சாப்பிடக் கூடாதுங்க."

"இவ சாப்பிட்டாத்தான் நான் இங்க இருப்பேன்" என்றான் லோரன் கண்ணைத் திறக்காமல்.

நர்ஸ் இருவரையும் பார்த்தாள். "முதல் நாள். நான் பார்க்கலை" என்று போய்விட்டாள்.

வான்கோழி ரொட்டி. ஒரு முட்டை. ஒரு ஆப்பிள். அளந்து, எடைபோட்டு, காலையில் தானே கட்டியது. முதல் கடியை மென்றாள். அது வாயில் மணலாகச் சுற்றியது. பட்டினி எவ்வளவோ சுலபமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். பட்டினியில் அவனோடு சேர்ந்து தானும் ஏதோ படுவதுபோல இருந்தது. இப்போது அவன் ரத்தம் குழாயில் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே விழுங்க வேண்டும். விழுங்கினாள். மெஷின் விட்டு விட்டு முனகியது. ஜனவரியில் என்ன சொல்வார்களோ தெரியாது. சரி என்று சொல்லாமலும் போகலாம். எது ஆனாலும் இன்றைக்கு ஆயிரத்து அறுநூறுதான்.

"எப்படி இருக்கு?" என்றான் லோரன்.

வாய்வரை வந்த பதிலை அவள் விழுங்கினாள். "மோசம்" என்றாள். "ரொம்ப மோசம், லோரன்."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்டதில்லை.

"எனக்கும்" என்றான். போர்வைக்கு வெளியே கையை நீட்டினான். ஐஸ்போல இருந்த அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஆப்பிளைத் தின்றாள்.

டப்பாவின் அடியில் ஒரே ஒரு பார் இருந்தது. நேற்று லவான் கொடுத்தது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து லவான் தட்டு கொண்டுவருவதில்லை. அழுது தீர்த்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்திருந்தாள். முழுசாத் தின்னுடி, வெட்டாதே, இருநூத்திப்பத்து கலோரி, நானே கணக்குப் போட்டேன் என்று.

லோரன் அதைப் பார்த்தான். "ஒண்ணுதான் இருக்கு போல."

"உனக்குச் சாக்லேட் ஆகாது."

"தெரியும். பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பாதி கேட்டுப் பார்க்கலாமே. மரியாதைக்கு."

பக்கத்து நாற்காலிக் கிழவர் ஒரு கையை உயர்த்தி, "ஐயய்யோ, நான் எதுக்கு? நீ எடும்மா" என்றார்.

ரெனே அதை எடுத்தாள். பாதியாக உடைக்கவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணீர் கன்னத்தில் இறங்க இறங்க, கடைசித் துண்டை முழுசாகத் தின்று முடித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துக் குறித்தாள்.